கோப்பு முடிந்த பிறகு அந்த இடத்துக்குப் போங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். டெல்டா மாவட்டம் ஒன்றில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கு ஏக்கர் நஞ்சை நிலத்தில் ஒரு மனைப்பிரிவுக்குத் தள ஆய்வு செய்து பரிந்துரை எழுதியது நான்தான். வேளாண்மைத் துறை, நீர்வளத் துறை சான்றுகள் முறையாக இருந்தன. கிழக்கே உள்ள ஓடைப் புறம்போக்கை விட்டுத்தான் மனை பிரித்திருந்தார்கள். போன நவம்பர் மழையில் மேற்குப் பக்கம் இருக்கும் பழைய தெருவில் நான்கு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. இதற்கு முன் அங்கே தண்ணீர் நின்றதில்லையாம். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டு, "நீங்கதானே தம்பி அன்னிக்கு டேப்பைப் புடிச்சு அளந்துட்டுப் போனீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை. அவ்வளவுதான் கேட்டார். அன்றிலிருந்து புதுக் கோப்பு எதிலும் பரிந்துரை எழுதக் கை வரவில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "எல்லாச் சான்றும் இருக்கு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். சமீபத்தில் ஒரு பயிற்சியில் 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்' (செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துக் கற்பது) என்று சொல்லிக்கொடுத்து, தினம் பத்து நிமிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். மூன்று வாரம் எழுதினேன். எல்லாப் பக்கத்திலும் அதே குற்ற உணர்ச்சிதான் இருக்கிறது. இதனால் பயன் உண்டா? எழுதியது நாளைக்கு விசாரணையில் எனக்கே எதிராக வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நீங்கள் சொன்னதை வைத்து அந்த இடத்தை வரைந்து பார்த்தேன். கிழக்கே ஓடை, மேற்கே பழைய தெரு, நடுவில் உங்கள் நான்கு ஏக்கர். வரைந்ததுமே பாட்டி ஏன் உங்களைக் கேட்டார் என்பது எனக்கு ஓரளவு புரிந்தது. நான் இடத்தைப் பார்க்கவில்லை, ஆகையால் இது ஊகம். நீங்கள்தான் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

நஞ்சையாக இருந்தவரை அந்த நான்கு ஏக்கர் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. நெல் விளைந்தது ஒன்று. தெருவில் பெய்த மழை வயலுக்குள் இறங்கி, மடைக்கு மடை வழிந்து, வயல் வாய்க்கால் வழியாக ஓடையில் போய்ச் சேர்ந்தது இன்னொன்று. அந்த வயல் வாய்க்காலை நீங்கள் எந்த ஆவணத்திலும் பார்த்திருக்க முடியாது. ஓடைக்குத் தனிப் புல எண் உண்டு. நில அளவைப் புலப்படத்தில் அது இரட்டைக் கோடாகத் தெரியும், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும். ஆனால் வயலுக்கு வயல் தண்ணீர் போக விவசாயி மண்வெட்டியால் வெட்டிவைத்த ஒரு முழ அகல வாய்க்கால், பட்டா நிலத்துக்குள் பட்டா நிலமாகவே கிடக்கும். அதற்கு எண்ணும் இல்லை, கோடும் இல்லை. மனை போட்டவர் ஓடையை விட்டுவிட்டார். வாய்க்காலை மண்ணடித்து மூடினார். இரண்டுமே தாளில் சரி.

அடுத்தது மண் நிரப்பியது. நீர்வளத் துறை வெள்ள அபாயம் குறித்துத் தரும் தடையின்மைச் சான்றை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். இடத்தை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நாளைக்கு அங்கே வீடு கட்டுகிறவரின் கூடத்தில் தண்ணீர் வரக் கூடாது என்ற அக்கறையில் எழுதிய வரி அது. அதில் தப்பே இல்லை. ஆனால் நான்கு ஏக்கரும் இரண்டடி மூன்றடி ஏறியதும், பக்கத்துத் தெரு அந்த வட்டாரத்திலேயே பள்ளமான இடமாகிவிடுகிறது. தெரு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பக்கத்து நிலம் ஏறியதில் அது குழியாகிவிட்டது. புது மனைக்குப் பாதுகாப்பாக எழுதிய அதே வரி, பழைய தெருவுக்குள் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், தம்பி. 'இந்த நிலம் தண்ணீரில் மூழ்குமா?' என்ற கேள்விக்கு எல்லாத் துறையும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. 'இந்த நிலத்தில் இதுவரை இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இனி எங்கே போகும்?' என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. விண்ணப்பத்தில் சிவப்புக் கோடு போட்ட எல்லைக்குள் இருப்பதை மட்டும் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். பாட்டி அந்தக் கோட்டுக்கு வெளியே குடியிருக்கிறார்.

உங்கள் பயிற்சியில் சொன்ன விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்தப் பேச்சைப் பரவலாகத் தொடங்கிவைத்தவர் டொனால்ட் ஷோன். தத்துவம் படித்தவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நகரத் திட்டமிடல் துறையில் பேராசிரியராக இருந்தார். தொழில்காரர்கள் வேலை செய்யும்போது எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 1983ல் அவர் வெளியிட்ட நூலில், கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்களோடு ஒரு நகரத் திட்டமிடுநரும் வருகிறார். கட்டுமானத்துக்கு அனுமதி கேட்டு வருபவரோடு அவர் நடத்தும் ஒரு சந்திப்பை ஷோன் வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிறார். அந்த அலுவலர் கெட்டிக்காரர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சமாளிப்பதுதான் தன் வேலை என்று முடிவுசெய்து, எதை வெளியே காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதில் ஒவ்வொரு கணமும் கவனமாக இருக்கிறார். பேச்சு எப்படிப் போகிறது என்று இடைவிடாமல் யோசிக்கவும் செய்கிறார். ஆனால் 'என் வேலை இதுதான்' என்று தானே போட்டுக்கொண்ட வரையறை சரியா என்பதை மட்டும் அவர் ஒருபோதும் சோதிப்பதில்லை. தன் யோசனையை மறைத்து வைத்திருப்பவரிடம் யாரும் வந்து 'நீங்கள் நினைப்பது தப்பு' என்று சொல்ல வழியில்லை. எவ்வளவு யோசித்தாலும் அவரது சாமர்த்தியம் கூடுகிறதே தவிர அவர் புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை. நான் அதைப் படித்தபோது எனக்கு வயது நாற்பது. நம் அலுவலக அறையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

கேள்வியைத் தப்பாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்தில் போய் உதாரணம் தேட வேண்டாம். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை இருக்கிறது. அந்த மாதிரி நிலத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் கழுவெளி. மழை நீர் வந்து பரவி நிற்கும் இடம் என்று அந்தப் பெயரைச் சொன்னவர்களுக்குத் தெரியும். நிர்வாகத்தின் கண்ணில் அது நெடுங்காலம் எதற்கும் உதவாத வெற்று நிலமாகவே இருந்தது. 'இந்த வெற்று இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம்?' என்று கேட்டால் குப்பைக் கிடங்கும் சாலையும் கட்டடங்களும்தான் பதிலாக வரும், வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான் 'அங்கே தேங்கிய தண்ணீர் எங்கே போகும்?' என்று நகரமே கேட்டது. 2022ல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் வந்த திட்டமிடுநர்களில் பலர் நேர்மையானவர்கள், எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் முன்னால் வந்த கோப்பில் கழுவெளி என்ற சொல் ஏற்கெனவே வெற்று நிலம் என்று மாறியிருந்தது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, எப்படித் திரும்பிப் பார்ப்பது என்பதை அதில்தான் நான் கற்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு சிறு நகரத்தில் கடைவீதிக்குள் நெருக்கடியில் மாட்டிக்கொண்டிருந்த பேருந்து நிலையத்தைப் புறவழிச் சாலைக்கு மாற்றும் திட்டம். போக்குவரத்துக் கணக்கெடுப்பு என் பொறுப்பு. மூன்று நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, வந்த பேருந்து, இறங்கிய ஆட்கள், எல்லாவற்றையும் தாளில் கோடு போட்டு எண்ணினோம். எட்டு மணி ஏன் என்றால், அலுவலக ஜீப் ஏழரைக்குத்தான் கிளம்பும். விடியற்காலையில் ஒரு பெண் அலுவலரைத் தனியாக அனுப்பும் வழக்கமும் அன்றைக்கு இல்லை, நானும் கேட்கவில்லை. கணக்குச் சுத்தமாக இருந்தது. புது நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அமைந்தது. கடைவீதி மூச்சு விட்டது. எல்லோரும் பாராட்டினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஊரில் ஒரு விடிகாலை முகூர்த்தத்துக்குப் போனேன். நான்கே முக்காலுக்கு அந்தப் புது நிலையத்தில் இறங்கினேன். எனக்கு முன்னாலேயே கிராமத்துப் பெண்கள் பதினைந்து பேர், கீரைக் கட்டும் வெண்டைக்காயும் நிரம்பிய கூடைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்தவர்கள். மார்க்கெட்டுக்குப் போக ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "பழைய ஸ்டாண்டுன்னா தலையில தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டுனா மார்க்கெட்டு. இப்ப கூடைக்குப் பத்து ரூவா குடுத்தாத்தான் ஏத்துறான். விடிஞ்சு போனா கீரை யாரு வாங்குவா?" என்றார். எந்த அதிகாரி செய்தது என்று அவர் கேட்கவும் இல்லை. அது மழை, வெயில் மாதிரி எங்கிருந்தோ வந்தது என்றே அவர் நினைத்திருந்தார்.

என் கணக்குத் தாளில் அந்தப் பதினைந்து பேரும் இல்லை. நான் எண்ண ஆரம்பிக்கும்போது அவர்கள் கீரையை விற்று முடித்து வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் எனக்கு இறங்கவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. பேருந்து நிலையத்தை மாற்றாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். விடியற்காலை டவுன் பஸ்கள் மட்டும் மார்க்கெட் வரை போய்த் திரும்பட்டும் என்று என் அறிக்கையில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்த ஒரு வரி எழுத, நான் நான்கரை மணிக்கு ஒரே ஒரு நாள் அங்கே நின்றிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் நகராட்சிக்கும் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் கடிதம் எழுதி, விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். எட்டு மாதம் கழித்து இரண்டு பஸ்கள் மார்க்கெட் வரை போக ஆரம்பித்தன. பன்னிரண்டு வருஷம் தாமதம்.

அதற்குப் பிறகு எந்த இடத்தையும் ஒரே ஒரு முறை, பகல் பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு நான் அறிக்கை எழுதியதில்லை. விடியலில் ஒரு முறை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு முறை. பெரிய திட்டம் என்றால் இதைச் சொந்தச் செலவில்கூடச் செய்தேன்.

இப்போது உங்கள் நாட்குறிப்புக்கு வருகிறேன். மூன்று வாரமும் அதே குற்ற உணர்ச்சி வந்ததற்குக் காரணம், நீங்கள் நடந்து முடிந்ததைப் பற்றி அறைக்குள் உட்கார்ந்து எழுதியதுதான். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் மனசு இரண்டே வழியில் போகும்: என்மேல் தப்பு, அல்லது என்மேல் தப்பில்லை. இடத்தைப் பற்றி அதில் எதுவும் வராது. பயிற்சியில் கொடுத்த நோட்டை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். பரிந்துரையில் கையெழுத்துப் போடும் முன், இந்த முடிவால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதை மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். என் பழைய நோட்டிலிருந்து ஒரு பதிவு:

"மனைப்பிரிவு, ஆறு ஏக்கர். பூங்கா ஒதுக்கீடு வடமேற்கு மூலையில், மின்கம்பிக்குக் கீழே. யாரும் வர மாட்டார்கள், இரண்டு வருஷத்தில் குப்பைமேடாகும் என்று நினைக்கிறேன். இடம் மாற்றச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். தெற்குச் சாலை ஊர்ச் சாலையோடு சேர்வதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடை தூரம் குறையும் என்று நம்புகிறேன்."

அவ்வளவுதான். விண்ணப்பதாரர் பெயர் வேண்டாம், புல எண் வேண்டாம், உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை ஒன்று கழிந்ததும் நோட்டோடு அந்த இடத்துக்குப் போங்கள். எல்லா இடத்துக்கும் போக முடியாது. வருஷத்துக்கு நான்கு போதும். இந்த நான்கில், ஏதோ நெருடியது ஒன்று, எந்தச் சந்தேகமும் இல்லாமல் சட்டென்று முடித்துவிட்டது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சந்தேகமே வராமல் போட்ட கையெழுத்துகளில்தான் நான் அதிகம் கற்றேன்.

மேலே சொன்ன அந்தப் பூங்காவுக்கு மூன்று வருஷம் கழித்துப் போனேன். குப்பைமேடு இல்லை. மூலையில் வெட்டாமல் விட்ட ஒரு வேப்பமரத்தின் நிழலில் பெண்கள் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரம் தள ஆய்வில் என் கண்ணில் பட்டதுதான், ஆனால் நான் எழுதவில்லை. என் எண்ணத்தில் அன்று மின்கம்பி மட்டும்தான் இருந்தது. தெற்குச் சாலையோ நான் நம்பியபடி பிள்ளைகளுக்கு உதவவே இல்லை. நடுவில் ஒரு வீட்டுக்காரர் கதவு போட்டுவிட்டார். இரண்டிலுமே நான் நினைத்தது தப்பு. முன்பே எழுதி வைத்திருக்காவிட்டால், 'எனக்கு அப்போதே தெரியும்' என்று மனசு சாதித்திருக்கும்.

விசாரணைப் பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன், நம் துறையில் ஆட்கள் வாய் திறக்காததற்கு முக்கியமான காரணமே இதுதான். அலுவலகக் கோப்பில் இருக்கும் குறிப்புகளும் கருத்துகளும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'தகவல்' என்பதற்குள் வருபவைதான். அதனால் பலர் கோப்பில் சந்தேகத்தை எழுதவே மாட்டார்கள், 'விதிகளுக்கு உட்பட்டுள்ளது' என்று முடித்துவிடுவார்கள். என் அனுபவம் நேர் எதிரானது. நான் சிக்கலில் மாட்டிய இரண்டு சமயங்களிலும் என்னைக் காப்பாற்றியது கோப்பில் நானே எழுதியிருந்த கேள்விகள்தான். ஆனால் எழுதும் விதம் முக்கியம். 'எனக்கு மனசு சரியில்லை' என்பது நோட்டுக்கு. கோப்புக்கு: 'மேற்குப் பகுதிக் குடியிருப்பின் தரைமட்டம் விண்ணப்ப இடத்தைவிடத் தாழ்வாக உள்ளது. இடம் உயர்த்தப்பட்டால் அப்பகுதி மழைநீர் வெளியேறும் வழி குறித்து நீர்வளத் துறையின் கருத்தைக் கோரலாம்.' இதில் யார்மேலும் குற்றம் இல்லை, ஒரு மட்டமும் ஒரு கேள்வியும் இருக்கின்றன. மேலதிகாரி இதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கேள்வி கோப்பில் நிற்கும்.

உங்கள் மேலதிகாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மனசில்லாதவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாநில நகரமைப்புத் துறைகளில் நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் 4,000க்கும் குறைவு, அதிலும் 42 சதவீதம் காலி என்று 2021ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில், முடிந்த கோப்பைத் திரும்ப எடுப்பது ஆடம்பரம்போலத் தெரியும். நீங்கள் அவரிடம் 'தப்பு செய்துவிட்டோம் சார்' என்று போனால் அவர் கதவைச் சாத்தத்தான் செய்வார். 'சார், அடுத்த மழைக்கு முன்னால் அந்தத் தெருவில் மட்டம் எடுத்துப் பார்க்கலாமா, இனி வரும் நஞ்சைக் கோப்புகளுக்கு உதவும்' என்று கேட்டுப் பாருங்கள். மாதம் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, திரும்பிப் போய்ப் பார்த்த ஒரே ஓர் இடத்தைப் பற்றிப் பேச அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஷோன் சொன்ன அந்த அலுவலர் தனியாக யோசித்ததால்தான் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றார்.

நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் இதையும் சொல்ல ஆசை. 1914 இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில், நெரிசலைக் குறைக்க வீடுகளை இடித்து நேர்ச்சாலைகள் போடும் ஒரு திட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்தச் சுவர் தானே விழப்போகிறது, எந்த வெற்றிடத்தைச் சுத்தம் செய்தால் காற்று வரும் என்று பார்த்து, பழுதான இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யும் ஒரு மாற்றுத் திட்டம் போட்டார். இடிபடும் வீடுகள் மிகக் குறைந்தன, செலவும் பல மடங்கு குறைந்தது. சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமே 1920ல்தான் வந்தது. விதிப் புத்தகம் வருவதற்கு முன்பே நம் தொழிலுக்கு இங்கே இருந்தது இந்த நடைதான். 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உங்கள் மேசையில் இருக்கும், அது வேண்டும். நடையும் வேண்டும்.

சரி, அந்தத் தெருவுக்கு என்ன செய்வது? கை வராமல் உட்கார்ந்திருப்பதைவிட இது முக்கியம். திட்ட அனுமதியை இப்போது யாரும் ரத்து செய்யப்போவதில்லை, மனை வாங்கியவர்கள் மேலும் குற்றம் இல்லை. ஆனால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. அந்த மனைப்பிரிவின் சாலைகளும், பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும். அவை இன்று ஊரின் சொத்து. பழைய தெருவின் கிழக்கு முனையிலிருந்து, மனைப்பிரிவின் சாலையோரமாக, ஓடை வரைக்கும் ஒரு மழைநீர் வடிகால் போக இடம் இருக்கிறதா என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மண் நிரப்பியிருப்பதால் வடிகால் ஆழமாகப் போக வேண்டும், ஓடையின் அடிமட்டம் அதற்கும் கீழே இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். ஆகவே முதல் வேலை மட்டம் எடுப்பது: தெருவில் மூன்று இடம், சாலையில் மூன்று இடம், ஓடையில் ஒன்று. ஓடை நிரம்பி ஓடும் நாளில் தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வராதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இயலாது என்றால் ஒதுக்கீட்டு இடத்தில் ஒரு பகுதியைத் தாழ்த்தி, மழை நாளில் நீர் தங்கும் பள்ளமாகவும் மற்ற நாளில் விளையாடும் இடமாகவும் வைக்கலாமா என்று ஊராட்சியோடு பேசலாம். முடிவு எடுப்பது அவர்கள்தான். நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு பக்கத்தில் அடங்கும் ஒரு வரைபடம், மட்டங்களோடு, ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி. மேலதிகாரியிடம் சொல்லி, அவர் மூலமாகவே ஊராட்சிக்கு அனுப்புங்கள்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதற்குப் பிறகு, அந்த மாதத்தின் பிற்பாதியில்தான் தொடங்கும். வடிகால் அதற்குள் கட்டி முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் தற்காலிகமாக ஒரு வழி வெட்டிவிடவும், பம்பு ஒன்றைத் தயாராக வைக்கவும் நேரம் இருக்கிறது. தீர்மானமாக வந்துவிட்டால் அடுத்த ஆண்டு நிதிக்கு அது நிற்கும்.

ஆனால் கிராம சபைக்கு முன், மட்டம் எடுக்கப் போகும் அன்றே, அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போங்கள். டேப்போடுதான் போங்கள். 'ஆமாம் பாட்டி, நான்தான் அளந்தேன். அன்றைக்கு இந்தப் பக்கம் அளக்கவில்லை' என்று சொல்லுங்கள். வாசல் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கும், அதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றைக் கேளுங்கள்: தண்ணீர் முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த வீட்டு வாசலில் கடைசியாக வடிந்தது, வயலாக இருந்த காலத்தில் வாய்க்கால் எந்த இடத்தில் தெருவைத் தொட்டது. உங்கள் புலப்படத்தில் இல்லாத அந்தக் கோட்டை அவர் விரலாலேயே காட்டுவார். பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.